அரசனுக்குப் புள்ளி போட்டது யார்?

தம்பி தங்கைகளே, இன்றைக்கு உங்களை ஓர் ஊருக்கு அரசனாக்கப் போகிறேன். அரசியாக இருக்க விருப்பம் என்றால் அதுவும் சரி.

ஊர் இருப்பது சுமேரியாவில், அதாவது இன்றைய ஈராக்கின் தெற்குப் பக்கத்தில். குடிமக்கள் 100 பேர். நிலம் 1000 ஏக்கர். களஞ்சியத்தில் 2800 புசல் தானியம் இருக்கிறது. புசல் என்றால் என்ன என்று தெரியாவிட்டால் வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். ஊரில் வயல் செய்தவர்கள் நெல்லைப் புசல் கணக்கில்தான் சொல்லுவார்கள்.

ஒருவருக்கு ஆண்டுக்கு 20 புசல் கொடுத்தால் அவர் உயிர் வாழ்வார். ஓர் ஏக்கர் விதைக்க அரைப் புசல் வேண்டும். ஒருவரால் 10 ஏக்கர் வரைதான் பயிர் செய்ய முடியும். நிலம் வாங்கலாம், விற்கலாம். விலை ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஓர் ஏக்கர் 17 புசலுக்கும் போகும், 26 புசலுக்கும் போகும். விளைச்சல் எவ்வளவு வரும் என்று விதைக்கும்போது தெரியாது. எலிகள் களஞ்சியத்தைத் தின்னலாம். கொள்ளைநோய் வந்தால் ஊரில் பாதிப்பேர் இறந்துவிடுவார்கள். இப்படிப் பத்து ஆண்டுகள் ஆளவேண்டும். பத்தாம் ஆண்டு முடிந்ததும் நீங்கள் நல்ல அரசனா, கெட்ட அரசனா என்று விளையாட்டே தீர்ப்புச் சொல்லும்.

இந்தக் கணினி விளையாட்டின் பெயர் ஹமுராபி. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. படமும் இல்லை, சத்தமும் இல்லை. வெறும் எழுத்தும் எண்ணும்தான். ஆனால் பள்ளிக்கூடமோ அரசாங்கமோ ஒரு சங்கமோ நடத்துகிற திட்டம் நன்றாக நடந்ததா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை. ஏன் என்று சொல்லுவதற்கு முதலில் இதன் வரலாற்றைச் சொல்லவேண்டும்.

ஒரு ரீச்சரின் சுமேரியா

1962ஆம் ஆண்டு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வெஸ்ட்செஸ்டர் என்ற பகுதி. அங்கே பள்ளிக்கூடங்களுக்குச் சேவை செய்யும் ஒரு கல்விக் கூட்டுச்சபையும் ஐபிஎம் நிறுவனமும் சேர்ந்து ஆசிரியர்களுக்குக் கோடைகாலப் பட்டறை ஒன்றை நடத்தின. கணினியைக் கொண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி. அந்தக் காலத்தில் ஒரு கணினி ஓர் அறையையே நிரப்பும். வீட்டில் கணினி என்பதைக் கனவிலும் யாரும் நினைக்கவில்லை.

பட்டறையில் பிறந்த யோசனைகளில் ஒன்று, சுமேரியாவின் பொருளாதாரத்தை ஒரு விளையாட்டாக்குவது. ஐபிஎம்மில் இருந்த புரூஸ் மொன்கிரீஃப் என்பவர் அதை முன்வைத்தார். பாடப்புத்தகங்கள் கிரேக்கர்களுக்கு முந்திய நாகரிகங்களை அவ்வளவாகக் கவனிப்பதில்லை என்பது அவருடைய குறை. யோசனையை எடுத்துக் கதையாகவும் விளையாட்டாகவும் எழுதியவர் மேபல் அடிஸ். கடோனா என்ற ஊரில் நாலாம் வகுப்பு ரீச்சர். ஐபிஎம்மின் வில்லியம் மக்கே நிரல் எழுதினார். அடிஸ் ரீச்சரைத்தான் இன்று உலகின் முதல் பெண் வீடியோ விளையாட்டு வடிவமைப்பாளர் என்று சொல்கிறார்கள்.

1964இல் யார்க்டவுன் ஹைட்ஸில் உள்ள மொஹான்சிக் பள்ளிக்கூடத்தின் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 30 பேர் அதை விளையாடினார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தட்டச்சுப்பொறி மாதிரியான ஒரு கருவிக்கு முன்னால் இருந்தது. கணினி சொல்வது காகிதத்தில் அச்சாகும். பக்கத்தில் படங்கள் காட்டும் கருவி. விளையாட்டின் பிந்திய வடிவத்தில் நாடாவில் பதிந்த குரலும் பாடம் சொல்லும். பிள்ளைதான் கி.மு. 3500இல் லகாஷ் நகரை ஆளும் லுடுகா அரசன். எவ்வளவு தானியம் உண்ண, எவ்வளவு விதைக்க, எவ்வளவு சேமிக்க என்று அரசன் முடிவு செய்யவேண்டும். அடுத்த கட்டங்களில் கைத்தொழிலும் வணிகமும் வரும். விளையாட்டின் பெயரே சுமேரிய விளையாட்டு என்பதுதான்.

இந்தத் திட்டத்துக்கு அமெரிக்க அரசின் கல்வி அலுவலகம் பணம் கொடுத்தது. சுமேரியாவோடு சேர்த்து மூன்று விளையாட்டுகள் உருவாகின. 1967இல் திட்டத்தை நடத்திய ரிச்சர்ட் விங் இறுதி அறிக்கையை எழுதியபோது, தலைப்பிலேயே இரண்டு வேலைகளைச் சமமாக வைத்தார்: விளையாட்டுகளை உருவாக்குவது ஒன்று, மதிப்பிடுவது மற்றொன்று. செய்து முடித்தோம் என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது, பயன் இருந்ததா என்றும் சொல்லவேண்டும். அதற்காக, விளையாடிய பிள்ளைகளை வழக்கமான முறையில் படித்த இன்னொரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

பிடித்திருந்தது, ஆனால் படித்தார்களா?

ஒப்பிடுவது ஏன் முக்கியம் என்று அந்தக் காலத்தில் அமெரிக்காவே வாதாடிக்கொண்டிருந்தது. 1965 ஏப்ரல் 11ஆம் தேதி ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் ஒரு பெரிய கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடங்களுக்கு மத்திய அரசு பெருந்தொகை கொடுக்கும் சட்டம் அது. நியூயார்க்கின் செனட்டர் ராபர்ட் கென்னடி ஒரு கேள்வி கேட்டார். பணம் போனது சரி, பிள்ளைகளுக்கு அதனால் நன்மை கிடைத்ததா என்று பெற்றோர் எப்படி அறிவார்கள்? அவர் விடாமல் வலியுறுத்தியதால், திட்டங்களை மதிப்பிடவேண்டும் என்ற விதி சட்டத்துக்குள் வந்தது. கல்வித் திட்ட மதிப்பீடு என்பது அமெரிக்காவில் ஒரு தனித் தொழிலாக வளர அந்தச் சட்டம் ஒரு முக்கியக் காரணம்.

அடுத்த ஆண்டு, 1966இல், கிளியோ செரிஹோம்ஸ் என்ற ஆய்வாளர், நிஜத்தைப் போலச் செய்துபார்க்கும் விளையாட்டுகளைப் பள்ளிக்கூடங்களில் பயன்படுத்திய ஆறு ஆய்வுகளை எடுத்து ஒன்றாக வைத்துப் பார்த்தார். பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டுகளில் ஆர்வம் கூடுதல். அது உறுதியாகத் தெரிந்தது. ஆனால் தகவல்களைக் கற்பதிலோ, கற்றதை நினைவில் வைத்திருப்பதிலோ, ஆராய்ந்து சிந்திப்பதிலோ விளையாடியவர்கள் மற்றவர்களைவிட முன்னால் நின்றார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இதைப் படித்ததும் சிலருக்குக் கவலை வரும். விளையாட்டு வீண் என்கிறாரா? அப்படி இல்லை. "பிடித்ததா?" என்பது ஒரு கேள்வி, "கற்றாயா?" என்பது இன்னொரு கேள்வி. ஒன்றுக்குக் கிடைத்த பதிலை மற்றதற்குப் போடக்கூடாது. அவ்வளவுதான் அவர் சொன்னது. நீங்கள் போன கோடைகால முகாமின் கடைசி நாளில் ஒரு தாள் கொடுத்திருப்பார்கள். சிரிக்கும் முகம், சாதாரண முகம், அழும் முகம். ஒன்றில் வட்டம் போடச் சொல்லியிருப்பார்கள். எல்லாரும் சிரிக்கும் முகத்தில் வட்டம் போட்டால் முகாம் பிடித்திருந்தது என்று தெரியும். நீந்தப் பழகினீர்களா என்று அந்தத் தாளில் தெரியாது.

இன்னொருவரையும் சொல்லவேண்டும். ஜேம்ஸ் கோல்மன். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகச் சமூகவியலாளர். அவரும் மாணவர்களுக்காக இத்தகைய விளையாட்டுகளை உருவாக்கியவர். அதே கோல்மன்தான் 1966இல் சுமார் 6 லட்சம் மாணவர்களை வைத்து அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் சம வாய்ப்பு இருக்கிறதா என்று பார்த்த புகழ்பெற்ற அறிக்கையின் தலைமை ஆசிரியர். எத்தனை புத்தகம், எத்தனை கட்டடம் என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களின் கவனத்தை, பிள்ளை என்ன கற்றது என்ற பக்கத்துக்குத் திருப்பிய அறிக்கை அது. விளையாட்டு செய்தவரும் மதிப்பீடு செய்தவரும் ஒரே ஆள்.

விளையாட்டுக்குள் ஒரு தீர்ப்பு

சுமேரிய விளையாட்டு அந்தப் பெரிய கணினியோடு நின்றிருந்தால் இன்று யாருக்கும் தெரிந்திருக்காது. அதைக் காப்பாற்றியது வாய்வழிச் செய்தி. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் வேலை செய்த டக் டைமென்ட், கனடாவின் அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தியபோது, அந்த விளையாட்டைப் பார்த்த ஒருவர் அதைப் பற்றி அவருக்குச் சொன்னார். கேட்டதை வைத்து 1968இல் டைமென்ட் ஃபோக்கல் என்ற கணினி மொழியில் மிகச் சிறிய ஒரு வடிவத்தை எழுதினார். அதே நிறுவனத்தின் டேவிட் ஆல் அதைப் பேசிக் மொழிக்கு மாற்றி, 1973இல் தன் புத்தகத்தில் ஹமுராபி என்ற பெயரில் அச்சிட்டார். அந்தப் புத்தகத்தின் 1978ஆம் ஆண்டுப் பதிப்பு பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு வரியாகத் தட்டச்சு செய்து விளையாடினார்கள். ஊர் கட்டி ஆளும் இன்றைய விளையாட்டுகள் பலவற்றுக்கு இது பாட்டன் முறை. (உண்மையான ஹம்முராபி பாபிலோனின் அரசன், லுடுகாவின் கதை நடக்கும் காலத்துக்குப் பதினேழு நூற்றாண்டுகள் பிந்தியவர். அதைக் கண்டுகொள்ளாதீர்கள்.)

டேவிட் ஆல் கூட்டிய புது விஷயம்தான் எனக்கு முக்கியம். பத்தாம் ஆண்டு முடிவில் வரும் தீர்ப்பு. அது இரண்டு எண்களைத்தான் பார்க்கும்.

முதலாவது: சராசரியாக ஆண்டுக்கு நூற்றுக்கு எத்தனை பேர் பட்டினியால் இறந்தார்கள்.
இரண்டாவது: கடைசியில் ஓர் ஆளுக்கு எத்தனை ஏக்கர் நிலம் இருக்கிறது.

பட்டினிச் சாவு நூற்றுக்கு 3க்கு மேல் போகாமலும், ஆளுக்கு 10 ஏக்கருக்குக் குறையாமலும் இருந்தால் நீங்கள் மிகச் சிறந்த அரசன். உலகின் பெரிய தலைவர்கள் மூன்று பேர் ஒன்றாகச் சேர்ந்தாலும் இப்படி ஆண்டிருக்க முடியாது என்று பாராட்டுவார்கள். ஆளுக்கு 10 ஏக்கருக்குக் கொஞ்சம் குறைந்தால் "இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம்" என்ற வகைத் தீர்ப்பு. அதற்கும் கீழே போனால் நீரோ மன்னனோடு ஒப்பிடுவார்கள். அதைவிட மோசம் என்றால் விரட்டியே விடுவார்கள். ஒரே ஆண்டில் நூற்றுக்கு 45 பேருக்கு மேல் பட்டினியால் இறந்தாலும் பதவி போகும்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? இப்போது ஒரு பென்சில் எடுங்கள்.

ஒன்பது ஆண்டுகள் நீங்கள் ஒருவரையும் பட்டினி போடவில்லை. பத்தாம் ஆண்டு தொடங்கும்போது ஊரில் 100 பேர், 1000 ஏக்கர். அந்த ஆண்டில் நிலம் வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. கொள்ளைநோயும் வரவில்லை. புதிதாக 5 பேர் வந்து குடியேறுகிறார்கள்.

நல்ல அரசன் 100 பேருக்கும் சாப்பாடு கொடுக்கிறான். கடைசியில் 105 பேர். 1000 ஏக்கரை 105 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 9.5 ஏக்கர். பத்துக்குக் குறைவு. தீர்ப்பு: இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம்.

இன்னொரு அரசன் 75 பேருக்கு மட்டும் கொடுக்கிறான். 25 பேர் பட்டினியால் இறக்கிறார்கள். பத்து ஆண்டுகளுக்குச் சராசரி போட்டால் ஆண்டுக்கு நூற்றுக்கு 2.5. மூன்றைத் தாண்டவில்லை. மிஞ்சியவர்கள் 75, வந்தவர்கள் 5, ஆக 80 பேர். ஆளுக்கு 12.5 ஏக்கர். தீர்ப்பு: மிகச் சிறந்த அரசன்!

இன்னொரு முறை வாசியுங்கள். ஊரில் காற்பங்கு மக்களைப் பட்டினியால் சாகவிட்டவனுக்கு முதல் பரிசு. எல்லாருக்கும் சோறு போட்டவனுக்கு மூன்று தலைவர்களின் பாராட்டு இல்லை. கணினி பொய் சொல்லவில்லை, கூட்டல் பெருக்கலிலும் பிழை இல்லை. இறந்தவர்கள் மொத்தம் 25 பேர் என்றுகூட அச்சாகும். ஆனால் தீர்ப்பைத் தீர்மானிப்பது அந்த எண் அல்ல. பத்து ஆண்டுச் சராசரிக்குள் ஒரு கொடிய ஆண்டு ஒளிந்துகொண்டது. பிரிக்கும் எண் சின்னதானதால் ஆளுக்கு நிலம் கூடியது. நிலம் ஓர் அடிகூட வளரவில்லை.

பிள்ளைகளோடு செய்து பார்த்தது

நான் போன குளிர்காலத்தில் நூலக அறை ஒன்றில் 12 முதல் 15 வயதுப் பிள்ளைகளோடு இதைச் செய்தேன். கணினி ஒன்றே ஒன்று. பாதிப் பிள்ளைகள் அரசர்கள், பாதிப் பிள்ளைகள் மதிப்பீட்டாளர்கள். விளையாட்டு தொடங்குவதற்கு முன்பே, எதை எண்ணப் போகிறோம் என்று மதிப்பீட்டாளர்கள் தாளில் எழுதி மடித்து வைக்கவேண்டும். முடிந்த பிறகு எழுதினால், நண்பன் வென்ற விஷயத்தைத்தான் எல்லாரும் எண்ணுவார்கள்.

உண்மையான பள்ளிக்கூடத்தில் ஒரு கஷ்டம் இருக்கிறது. ஒரே பிள்ளை ஒரே ஆண்டில் புது வகுப்புக்கும் போய், போகாமலும் இருக்க முடியாது. அதனால்தான் வெஸ்ட்செஸ்டரில் இன்னொரு குழுவைத் தேடினார்கள். விளையாட்டில் அந்தக் கஷ்டம் இல்லை. அதே ஊர், அதே களஞ்சியம், திரும்பத் திரும்ப ஆளலாம். எலியும் விளைச்சலும் ஒவ்வொரு முறையும் மாறுவதால், ஓர் அரசன் வென்றது திறமையாலா அதிர்ஷ்டத்தாலா என்பதும் சீக்கிரம் தெரிந்துவிடும். அன்று ஒரு பையன் ஒரே முறையை மூன்று தடவை செய்தான். ஒரு தடவை பெரிய வெற்றி, இரண்டு தடவை தோல்வி. முதல் தடவையோடு நிறுத்தியிருந்தால் அவனைப் பெரிய பொருளாதார நிபுணன் என்று நாங்கள் நம்பியிருப்போம்.

பிறகு மேலே சொன்ன பத்தாம் ஆண்டுக் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டினேன். அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. மதிப்பீட்டாளராக இருந்த ஒரு தங்கைதான் முதலில் வாய் திறந்தாள்.

"அக்கா, இந்த ஊரை விட்டு ஒருத்தரும் போகமாட்டினமா?"

நல்ல கேள்வி. நிரலில் மக்கள் வருவார்கள், பட்டினியால் இறப்பார்கள், நோயால் இறப்பார்கள். ஆனால் ஒருவரும் ஊரை விட்டுப் போவதில்லை. அப்படி ஒரு வரியே எழுதப்படவில்லை. அரசன் சோறு போடாவிட்டால் சாகும்வரை அங்கேயே இருப்பார்கள் என்று நிரல் நினைக்கிறது. அந்த அறையில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரின் வீட்டிலும் ஊரை விட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே, அந்தக் கேள்வி அங்கே வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

போனவர்களின் கணக்கு

அந்தக் கேள்வியை நம் பக்கத்துக்குக் கொண்டுவருவோம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் என்னோடு சேர்ந்தவர்களில் பலர் இடையில் நின்றுவிட்டார்கள். உங்கள் வகுப்பிலும் அப்படி நடந்திருக்கும். ஆண்டு விழாவில் யாராவது "இந்த ஆண்டு நம் பிள்ளைகளின் சராசரிப் புள்ளி கூடியிருக்கிறது" என்று சொன்னால் எல்லாரும் கை தட்டுவோம். தட்டுவதற்கு முன் ஒரு கணக்குப் பாருங்கள்.

ஒரு வகுப்பில் பத்துப் பிள்ளைகள். ஐந்து பேருக்கு 90 புள்ளி, ஐந்து பேருக்கு 40. சராசரி 65. நாற்பது எடுத்தவர்களில் நாலு பேர், தமிழ் கஷ்டம் என்று நின்றுவிட்டார்கள். மிஞ்சிய ஆறு பேரின் சராசரி சுமார் 82. ஒரு பிள்ளைகூட ஓர் எழுத்தும் கூடுதலாகக் கற்கவில்லை. நாலு பிள்ளைகள் தமிழையே விட்டுவிட்டார்கள். ஆனால் அறிக்கையில் அது வெற்றி. ஆளுக்கு 12.5 ஏக்கர் வைத்திருந்த அந்த அரசனின் கணக்கும் இதுவும் ஒன்றுதான்.

இதில் யாரும் ஏமாற்றவேண்டும் என்றில்லை. ஓய்வு நாளில் சம்பளம் இல்லாமல் வந்து சொல்லிக் கொடுக்கும் ரீச்சர்களை எனக்குத் தெரியும். அவர்களின் உழைப்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். கணக்கு எதை எண்ணுகிறதோ அதுதான் கண்ணில் படும். நின்றுபோன பிள்ளைகளை எண்ணினால்தான், அவர்களைத் திரும்ப அழைக்க என்ன செய்யலாம் என்று கதைக்கவே தோன்றும்.

அன்று பிள்ளைகள் சேர்ந்து ஹமுராபியின் தீர்ப்பைத் திருத்தி எழுதினார்கள். அவர்களின் புதிய விதிகள் இவை. சராசரியோடு மிக மோசமான ஆண்டையும் தனியாகக் காட்டவேண்டும். நிலத்தை, மிஞ்சியவர்களின் எண்ணிக்கையால் பிரிப்பதோடு தொடங்கியபோது இருந்தவர்களின் எண்ணிக்கையாலும் பிரித்துப் பார்க்கவேண்டும். பத்து, மூன்று என்ற எல்லைகளை அரசன் தனியாக வைக்கக்கூடாது, சோறு கிடைக்காதவரையும் கேட்டு வைக்கவேண்டும். ஊரை விட்டுப் போனவர்களுக்கு ஒரு வரி வேண்டும்.

ஹமுராபியின் பல வடிவங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நிரலே மிகச் சிறியது. பேசிக், பைத்தான் எது தெரிந்தாலும் திருத்தலாம். கணினி இல்லாவிட்டால் தாளும் தாயக்கட்டையும் போதும். ஒருவர் அரசனாக இருங்கள், ஒருவர் மதிப்பீட்டாளராக இருங்கள், பிறகு இடம் மாறுங்கள். எதை எண்ணப் போகிறீர்கள் என்பதை மட்டும் முதலிலேயே எழுதி மடித்து வையுங்கள். நீங்கள் எழுதிய விதிகளை எனக்கும் அனுப்புங்கள். அடுத்த முறை நூலகத்தில் பிள்ளைகளோடு விளையாடும்போது, அவற்றை வைத்து அரசர்களுக்குப் புள்ளி போட்டுப் பார்ப்போம்.